மயிலாத்தாளின் நாலாவது காத்தாடி

காத்தம்பாளையத்தில் சுற்றக்கூடிய பொருட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றத் தொடங்கியது பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, மோட்டார் காயில் கட்டும் மயிலாத்தாள் ஒன்பது வருடம் உழைத்துக் கட்டி முடித்த தன் விமானத்தின் எஞ்சினை முதன்முதலாக முடுக்கிய நிமிஷத்தில்தான். கரண்ட் இல்லாமல் நின்றிருந்த மெஸ் கிரைண்டரில் கல் உருண்டது, அறுபத்துநாலு விசைத்தறிகளும் ஆள் தொடாமல் ஓடின, தையல்கடையில் காலை எடுத்த பிறகும் மிஷின் சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது, தோட்டத்து போர்வெல்கள் தண்ணீரை மேலே தள்ளின, ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிள்களின் பின்சக்கரங்கள் விர்ரென்று சுழன்றன, முடிவெட்டும் கடையின் நாற்காலி பாதிச் சவரத்தில் இருந்த ஹெட்மாஸ்டரை நிதானமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டியது. தரையில் ஊன்றி நின்ற சக்கரத்தை அந்தச் சுழற்சி தொடவில்லை. அந்தரத்தில் நின்ற எதையும் அது விடவில்லை. நாலு நிமிஷம் கழித்து மயிலாத்தாள் எஞ்சினை நிறுத்தியதும் எல்லாம் நின்றன. ஹெட்மாஸ்டர், "அந்தக் கன்னத்தையும் முடிச்சு விடப்பா, பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சு" என்றார்.

மயிலாத்தாளுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை. எரிந்துபோன மோட்டார்களின் பழைய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவது தொழில். ஊரைச் சுற்றி நின்ற காற்றாலைகளின் ஜெனரேட்டர்களுக்கும் அவள்தான் காயில் கட்டினாள், அப்படி ஒருமுறை ஐம்பது மீட்டர் கம்பத்தின் உச்சிக்கு ஏறியவள் வேலை முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் இறங்காமல் அங்கேயே நின்றாள். இறங்கி வந்து தன் கணவர் ஆறுச்சாமியிடம், "கம்பத்தைப் புடிச்சுக்கிட்டுப் பாக்கறது பத்தலீங்க" என்றாள். ஆறுச்சாமி பள்ளிக்கூடத்து பஸ் ஓட்டுகிறவர், கேள்வி கேட்டுப் பொழுதைக் கழிக்கிறவர் அல்ல. அந்த வாரமே காலியாகக் கிடந்த தங்கள் கோழிப்பண்ணைக் கொட்டகையைத் தேய்த்துக் கழுவிவிட்டார்.

அந்தக் கொட்டகையில் ஒன்பது வருடம் போயிற்று. தபாலில் வந்த வரைபடங்களைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு குழாய்களை வெட்டினாள், வெல்டு வைத்தாள், விசைத்தறிக்காரர் சங்கத்துத் தலைவர் கிட்டுசாமியின் தறியில் நெருக்கமாக நெய்யச் சொல்லி வாங்கிய துணியை இறக்கைமேல் இழுத்துக் கட்டி ஏழு முறை பூச்சு அடித்தாள், பழைய கார் ஒன்றிலிருந்து இறக்கிய நாலு சிலிண்டர் எஞ்சினைக் கடைசித் திருகாணி வரை பிரித்துப் பூட்டினாள். நடுவில் வெளியூர்ப் பறக்கும் கிளப் ஒன்றுக்கு வாரம் இரண்டு நாள் போய் லைசென்சும் வாங்கினாள். ஊருக்கு மேற்கே யாரோ போட்டு, விலை போகாமல் விட்டுவிட்டுப் போன மனைப்பிரிவு ஒன்று இருந்தது. அதன் நடுவே நாற்பதடி அகலத்தில் முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தார்ரோடு நேராகக் கிடந்தது. ஓரத்து எல்லைக் கற்களை ஆறுச்சாமி ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட, அது ஓடுபாதை ஆயிற்று. வாங்கவேண்டிய அனுமதிகளையெல்லாம் வாங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தாள்.

மிஞ்சியது மூக்கில் மாட்டும் புரொபெல்லர் மட்டும். ஊர் அதைக் காத்தாடி என்றது, கொஞ்ச நாளில் மயிலாத்தாளும் அப்படியே சொன்னாள். மரத்தில் செய்துகொள்ளலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், ஆறுச்சாமியின் அண்ணன் தெய்வசிகாமணி, ஊரிலேயே பெரிய நூல்மில்லுக்குச் சொந்தக்காரர், எங்கோ ஒரு பெரிய விமானத்திலிருந்து கழற்றிய அலுமினியக் காத்தாடி ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். முகம் பார்க்கலாம் போலப் பாலிஷ் போட்டு, இரண்டு நுனியிலும் சிவப்புப் பெயிண்டில் தன் தகப்பனார் பெயரை எழுதியிருந்தார்.

"மரமெல்லாம் அடுப்புக்கு அம்மிணி," என்றார். "நம்ம வீட்டுப் பொண்ணு ஆகாசத்துல போறப்ப முன்னால நம்ம அய்யன் பேரு சுத்தட்டும்."

அதைத் தூக்கிப் பார்த்தபோதே மயிலாத்தாளுக்கு அதன் கனம் மணிக்கட்டில் உறுத்தியது. ஆனால் மாமனார் பெயர் எழுதியதை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மாட்டினாள். மாட்டி முடுக்கிய அன்றுதான் ஊர் சுற்றியது.

ஏன் சுற்றியது என்று காத்தம்பாளையத்தில் யாரும் கேட்கவில்லை, எப்போது மறுபடி சுற்றும் என்றுதான் கேட்டார்கள். அந்த வருடம் மழை பொய்த்துத் தென்னைகள் மட்டை தொங்க நின்றன, ஊர் டிரான்ஸ்பார்மர் எரிந்து அடுத்தது வரவில்லை, தறிக்காரர்கள் சீட்டாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை காலையில் கொட்டகை வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். மயிலாத்தாள் விமானத்தின் வாலைச் சங்கிலியால் கான்கிரீட் தூணில் கட்டி, எஞ்சினை நிமிஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சுற்றில் நிலைக்க வைத்து, காலை இரண்டு மணி நேரம், சாயந்திரம் இரண்டு மணி நேரம் ஓட்டினாள். எஞ்சின் ஓடிப் பழகவேண்டிய காலம் அது, ஆகவே அவளுக்கும் அது வேலையாகவே இருந்தது. பத்து நாளில் ஊர் தன் பழக்கவழக்கங்களை அதற்கேற்ப மாற்றிக்கொண்டுவிட்டது. கோயில் மைக்கில் ஆறுச்சாமி, "எஞ்சின் போடப் போறமுங்க, கிரைண்டர்ல கை வெச்சிருக்கறவங்க எடுத்துக்கோங்க, ராட்டினத்துல கொழந்தைங்க இருந்தா எறக்கி விட்டுருங்க" என்று சொன்ன பிறகே சாவி திரும்பியது. முடிவெட்டும் கடைக்காரர் நாற்காலியின் அடியில் ஒரு கட்டையைச் செருகினார். கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள் நல்ல நேரத்தோடு எஞ்சின் நேரத்தையும் பார்த்துக் குறித்தார்கள், ஏனென்றால் மண்டபத்தில் நாற்பது மின்விசிறி ஓடுவது சும்மாவா. தண்ணீர் பாய்ந்த தென்னைகள் மட்டையைத் தூக்கின. சிலர் வந்து அந்த அலுமினியக் காத்தாடிக்குச் சந்தனம் வைத்தார்கள், தெய்வசிகாமணி பக்கத்தில் நின்று பெருமையோடு பார்த்தார்.

ஆனால் பறப்பதற்கு ஆயிரத்து எண்ணூறு சுற்று போதாது, இரண்டாயிரத்து எழுநூறு வேண்டும். சித்திரை பிறந்து மூன்றாம் நாள் மயிலாத்தாள் மெதுவாக விசையைக் கூட்டினாள். இரண்டாயிரத்தைத் தாண்டும்வரை ஊர் சுகமாகத்தான் இருந்தது. இரண்டாயிரத்து இருநூறைத் தொட்டதும் தறிகளில் நூல் பட்பட்டென்று அறுந்தது, கிரைண்டர் கல் துள்ளி உழன்றது, தையல் ஊசிகள் ஒடிந்தன, மின்விசிறிகள் கொக்கியில் ஆடின, இரண்டாயிரத்து நானூறைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி அமைதியாயின. அந்த இருநூறு சுற்றுக்குள் ஏதோ இருந்தது. ஒவ்வொரு முறை விசை ஏறும்போதும் இறங்கும்போதும் ஊர் அந்த இடத்தில் ஒருதரம் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தது.

வைகாசியில் கிட்டுசாமி ஒடிந்த தறித் தண்டு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் கடைக்கு வந்தார். அவருக்கு முன்பே மெஸ் நடத்தும் சாமியாத்தாள் தன் கிரைண்டர் தண்டோடு வந்து உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குள் மேசைமேல் ஏழு தண்டுகள் சேர்ந்துவிட்டன, தையல் மிஷின் தண்டு சுண்டுவிரல் பருமன், பம்புத் தண்டு மணிக்கட்டுப் பருமன். ஏழும் ஒரே இடத்தில், சக்கரம் மாட்டுகிற இடத்துக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்தில், ஒரே சாய்வில் வெடித்திருந்தன.

மயிலாத்தாள் அவற்றை வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கடையைப் பூட்டிவிட்டுப் போய் எஞ்சினைப் பிரித்தாள். சிலிண்டர்களின் உதைகளையெல்லாம் வாங்கிச் சுழற்சியாக மாற்றுகிற முதுகுத்தண்டு அதன் கிராங்குதான். அதைத் துடைத்து, வெடிப்பு இருந்தால் உள்ளே ஊறி நிற்கும் சிவப்புச் சாயத்தைத் தடவி, சாயத்தை வழித்தெடுத்து, வெள்ளைப் பொடியைத் தூவிக் காத்திருந்தாள். காத்தாடி மாட்டுகிற இடத்துக்குப் பின்னால், கட்டைவிரல் அகலத்தில், வெள்ளைப் பொடியில் தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. இன்னும் சில மணி நேரம் ஓடியிருந்தால் ஒடிந்திருக்கும். மேலே இருக்கும்போது ஒடிந்திருந்தால் என்ன ஆகும் என்பதை அவள் ஆறுச்சாமியிடம் சொல்லவில்லை. ஆறுச்சாமி அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் பஸ்ஸின் டயரையெல்லாம் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

தெய்வசிகாமணியிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"எஞ்சின் பழசு அம்மிணி, அதுதான் தாங்கலை," என்றார் அவர். "காத்தாடியில ஒரு கீறல் இருக்குதா பாரு."

"அதுல ஒண்ணுமே ஆகலீங்க மாமா. அதாங்க கஷ்டம். எஞ்சின் ஒவ்வொரு தடவை வெடிக்கறப்பவும் தண்டை ஒரு தட்டுத் தட்டுதுங்க. மரமா இருந்தா அந்தத் தட்டை உள்ளுக்குள்ளயே வாங்கி அமுக்கிக்கும். இது கனம், இது வாங்காது. வந்த அடியைத் திருப்பித் தண்டுக்கே குடுத்துருது. இந்த எஞ்சினுக்கு இது ஆகாதுங்க."

"எங்க அய்யன் பேரை எறக்கி வெக்கறேங்கற."

"பேரை இல்லீங்க மாமா. காத்தாடியை."

தெய்வசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன்பின் நாலு மாதம் தம்பி வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை, குலதெய்வப் பூஜையில்கூட ஆறுச்சாமிக்கு எதிரே உட்காராமல் தூணுக்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

ஊரும் கூடியது. கோயில் மரத்தடியில் கிட்டுசாமி பேசினார். மயிலாத்தாள்மேல் அவருக்குப் பிரியம் உண்டு, அறுபத்துநாலு தறிகள்மேலும் உண்டு.

"அம்மிணி, புது கிராங்கு நாங்களே தேடிக் கொண்டாந்து தர்றோம். பழைய காத்தாடியே இருக்கட்டும். ஆயிரத்து எண்ணூறுக்கு மேல நீங்க ஏத்த வேண்டாம். ஊரே பொழைச்சுக்கும். பறக்காட்டி என்ன இப்ப?"

கூட்டம் அவளைப் பார்த்தது. தென்னந்தோப்புக்காரர்கள், தறிக்காரர்கள், மெஸ் சாமியாத்தாள், ஹெட்மாஸ்டர், எல்லோரும் அவளோடு நாளும் பேசிப் பழகியவர்கள்தான்.

"உங்க தறி ஓடறது எனக்குச் சந்தோசமுங்ணா," என்றாள் மயிலாத்தாள். "ஆனா நான் இதைக் கட்டுனது தூண்ல கட்டி வெக்கறதுக்கு இல்லீங்க. நான் மேல போகோணும்."

"நீங்க மேல போயிட்டா இங்க சுத்துமுங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க."

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் கூட்டம் கலைந்தது. மறுநாள் முதல் அவள் கடைக்கு யாரும் மோட்டார் கொண்டுவரவில்லை. வேறு கிராங்கு ஒன்றைத் தேடிப் பிடித்து எஞ்சினில் பூட்டிவிட்டு, மரக் காத்தாடி செதுக்க அவள் மகாகனிப் பலகைகள் வாங்க டவுனுக்குப் போனாள்.

ஜெசிந்தா அவளுக்குக் கிடைத்தது அந்த நாட்களில்தான். வள்ளியூர்ப் பக்கத்துப் பெண், முப்பத்திரண்டு வயது, காற்றாலை இறக்கைகளில் விழுகிற வெடிப்புகளைக் கயிற்றில் தொங்கிக்கொண்டே பூசிச் சரிசெய்வது வேலை. மயிலாத்தாளின் கடை மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒருநாள் கொட்டகைக்கு வந்து, ஏழு பலகைகளை ஒட்டி இறுக்கி வைத்திருந்த கட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல முறுக்கு எவ்வளவு வைக்கப் போறீங்க, ஏக்கா?"

"புஸ்தகத்துல போட்டிருக்கறபடிதான்."

"புஸ்தகம் உங்க எஞ்சினப் பாத்துச்சா? இறக்கைல முறுக்கு கூடுனா காத்தப் பெரிய கவளமா அள்ளும், எஞ்சினால மெல்ல முடியாது, முக்கும், சூடாவும். கொறைஞ்சா காத்து நழுவிப் போயிரும், எஞ்சின் வெறிபிடிச்ச மாதிரி ஓடும். செஞ்சு செஞ்சுதான் பாக்கணும். நான் வாரேன், ரெண்டு பேருமாச் செதுக்குவோம்."

ரெண்டு பேருமாகச் செதுக்கினார்கள். முதல் மரக் காத்தாடி ஆனி மாதத்தில் ஏறியது. விசை கூட்டியபோது இரண்டாயிரத்து இருநூறில் ஊர் பல்லைக் கடிக்கக் காத்திருந்தது, ஆனால் அந்த நடுக்கம் வரவில்லை, ஏனென்றால் இரண்டாயிரத்து நூறுக்கு மேல் எஞ்சின் ஏறவே இல்லை. ஊர் முழுக்க எல்லாம் கனத்துச் சுற்றின. மின்விசிறிகள் சேற்றில் சுற்றுவதுபோலச் சுற்றின. மறுநாள் சாமியாத்தாள் கொட்டகைக்கு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"உங்க கூடப் பேசறதுக்கு வரலீங்க அக்கா," என்றாள். "நேத்து மாவு ஆட்டறப்பவே சூடாயிருச்சு. மத்தியானத்துக்குள்ள புளிச்சுப் போச்சு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எவ்வளவு சூடு?"

"கைய வெக்க முடியலை."

ஜெசிந்தா மயிலாத்தாளைப் பார்த்தாள். மயிலாத்தாள் எஞ்சின் எண்ணெயின் சூட்டை எழுதியிருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். பெரிய கவளம்தான். முறுக்கைக் குறைத்து மூன்றாவது காத்தாடியைச் செதுக்கினார்கள்.

அது ஆடிக் காற்றெல்லாம் அடங்கி ஆவணியில் ஏறியது. இந்தமுறை எஞ்சின் ஒரே மூச்சில் மூவாயிரத்து முந்நூறுக்குத் தாவியது, அவள் அவசரமாக விசையைக் குறைப்பதற்குள் தையல்காரர் ஒரு சட்டையின் கை நுழையும் வாயையே மூடித் தைத்துவிட்டார், கிணற்று ராட்டை குடத்தை மதில்மேல் எறிந்தது, முடிவெட்டும் கடைக்காரரின் கட்டை தெறித்து விழ ஹெட்மாஸ்டர் மறுபடி சுற்றினார். அன்றைக்கே மூன்று பேர் வந்து சொன்னார்கள். அடுத்த நாள் ஐந்து பேர். கோபமாக வந்தவர்கள்தான், ஆனால் வந்தபின் இன்ன நேரத்தில் இப்படிச் சத்தம் கேட்டது, இந்த வேகத்தில் நன்றாக இருந்தது என்று நுணுக்கமாகச் சொன்னார்கள். கிட்டுசாமி வரவில்லை. ஆனால் தறிப்பட்டறையில் கண்ணை மூடி நின்று கேட்டு, குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா எந்த வேகத்தில் எப்படி ஒலித்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினார். விமானம் கட்டுகிறவர்கள் பட்டணத்தில் கருவி வைத்து அளப்பதையெல்லாம் மயிலாத்தாளுக்கு ஊர் அளந்து கொடுத்தது.

நாலாவதைச் செதுக்குவதற்கு முன், மூன்றாவதையே வைத்துக் குறைந்த விசையில் ஓடுபாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம், சக்கரமும் பிரேக்கும் எப்படி என்று தெரியும் என முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. பாதி ரோடு நன்றாகவே ஓடியது. அதற்குமேல் தாருக்கு அடியில் பெருச்சாளி தோண்டிய வளை ஒன்று இருந்தது யாருக்கும் தெரியாது. முன்சக்கரம் அதில் பொத்துக்கொண்டு இறங்க, விமானம் மூக்கைக் குத்தியது, சுழன்றுகொண்டிருந்த காத்தாடி ரோட்டில் அடித்துச் சிராய் சிராயாகச் சிதறியது. எஞ்சின் நின்றது.

மயிலாத்தாள் இறங்கினாள். நெற்றியில் லேசாக ரத்தம். ஆறுச்சாமி ஓடிவந்து அவளைப் பிடித்தார், அவள் அவர் கையை விலக்கிவிட்டு, எஞ்சின் மூடியைக் கழற்றத் திருப்புளி கேட்டாள். அங்கேயே, ரோட்டிலேயே, காத்தாடி மாட்டும் வட்டத்தின் ஓரத்தில் அளவுமுள்ளை வைத்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். முள் அசையவில்லை. சிவப்புச் சாயம் தடவினாள், வழித்தாள், பொடி தூவினாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. தண்டு நேராக, ஒரு கோடும் இல்லாமல் இருந்தது.

அவள் நிமிர்ந்தபோது தெய்வசிகாமணி நின்றிருந்தார். ஒவ்வொரு ஓட்டத்தையும் அவர் மனைப்பிரிவின் மூலையில் காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. குனிந்து ஒரு சிராயை எடுத்தார்.

"அம்மிணி, இதுவே என்ற காத்தாடியா இருந்திருந்தா?"

"காத்தாடி நல்லா இருந்திருக்குமுங்க மாமா."

அவர் அந்தச் சிராயைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "வீட்ல காப்பி இருக்குதாடா?" என்றார். நாலு மாதம் கழித்து அவர் அந்த வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். போகும்போது அலுமினியக் காத்தாடியைத் தானே ஆள் வைத்து எடுத்துப்போய், மில் வாசலில் எல்லோரும் பார்க்கும் உயரத்தில் தகப்பனார் பெயர் தெரியும்படி மாட்டினார். அங்கே அது பார்க்க மிக அழகாகவே இருந்தது.

சாயந்திரம் கிட்டுசாமி வந்தார். கையில் தறியின் நீட்டு நூலிலிருந்து வெட்டிய ஒரு பாவுத் துண்டு.

"காலைல எல்லாம் ஒரே நேரத்துல நின்னுது அம்மிணி. எப்பவும் கரண்டு போனா நூறு இழையாவது அறும். இன்னிக்கு அறுபத்துநாலு தறியிலயும் ஒரு இழை அறலை. மெத்தைல உக்காந்த மாதிரி நின்னுது. அடி எங்கியோ வேற பக்கம் போயிருச்சுன்னு நெனச்சேன்." பாவுத் துண்டை அவள் கையில் கொடுத்தார். "நாலாவதை எப்ப மாட்டறீங்க?"

"நான் போயிட்டா தறி நின்னாலும் நிக்குமுங்ணா."

"நின்னா நிக்குது. டிரான்ஸ்பார்மர் வர்றப்ப வரட்டும்."

நாலாவது காத்தாடியை இருபத்தொரு நாளில் முடித்தார்கள், அதற்குள் ஆறுச்சாமி ஓடுபாதையில் இருந்த வளையை அடைத்துத் தார் போட்டார், முன்சக்கரமும் சரியாயிற்று. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் முறுக்கை எங்கே நிறுத்துவது என்று ஊரே கருத்துச் சொன்னது, சாமியாத்தாள் மாவின் சூட்டை வைத்துச் சொன்னாள், தையல்காரர் ஊசியின் ஓசையை வைத்துச் சொன்னார், கிட்டுசாமி நாடாவை வைத்துச் சொன்னார், எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் காட்டின. ஜெசிந்தா அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள், மயிலாத்தாள் அந்தக் கோடு வரை இழைத்தாள். மாட்டி முடுக்கியபோது ஆயிரத்து எண்ணூறு வந்தது, இரண்டாயிரத்து இருநூறு வந்தது, கடந்தது, இரண்டாயிரத்து எழுநூறில் போய் நின்றது. மாவு குளிர்ந்திருந்தது. ஒரு ஊசி ஒடியவில்லை. ஊருக்குள் அப்போது கேட்ட ஒலியை அதுவரை யாரும் கேட்டதில்லை, எல்லாச் சக்கரங்களும் ஒரே சுருதியில் நின்ற ஒலி அது, கைக்குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டன.

புரட்டாசியில், காற்று சுத்தமாக விழுந்து காற்றாலைகள் எல்லாம் அசையாமல் நின்ற ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவள் விமானத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஊரில் பாதி ஓடுபாதையின் இரண்டு பக்கமும் நின்றது. மீதிப் பாதி அவரவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது, சாமியாத்தாள் கிரைண்டர் பக்கத்தில், கிட்டுசாமி தறிப்பட்டறையின் நடுவில், அவள் தரையை விட்டு எழும்போது அவை என்ன ஆகின்றன என்று பார்க்க. ஆறுச்சாமி சக்கரத்துக்கு அடியிலிருந்த கட்டையை எடுக்கக் குனிந்தார்.

"ஏனுங்க, பயமா இருக்குதுங்களா?"

"ஆமா. இன்னிக்குப் பஸ்ஸுக்கு வேற ஆளைப் போடச் சொல்லிட்டேன்."

"எனக்கும் பயந்தானுங்க," என்றாள் மயிலாத்தாள், கட்டையை எடுத்துக்கொண்டு அவர் விலகியதும் விசையை முழுதாகத் தள்ளினாள்.

ரோடு ஓடியது, பிறகு வேகமாக ஓடியது, பிறகு ரோட்டின் கரடுமுரடு முதுகில் தட்டுவது சட்டென்று நின்றது, ரோடு கீழே இருந்தது. அந்தக் கணத்தில் காத்தம்பாளையத்தில் எல்லாச் சக்கரங்களும் மூச்சு வாங்குவதுபோல ஒரு சுற்றுத் தயங்கின. கிட்டுசாமி தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். தயங்கிய தறிகள் மறுபடி எடுத்தன, முன்னைவிட லேசாக, முன்னைவிட இனிமையாக ஓடின. அவர் பட்டறையை விட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்து, எழுபது வயதில், தெருவில் நின்று கை தட்டினார்.

அவள் ஏறிக்கொண்டிருந்தாள். ஏற ஏற அவளுக்குத் தெரிகிற பூமி அகன்றது, அகன்ற பூமியெல்லாம் சுற்றத் தொடங்கியது. முதலில் ஒத்தப்பனைமேட்டில், ஆறு மாதமாக நின்றிருந்த பம்பு ஒன்று செருமி வெள்ளையாகத் தண்ணீரைத் துப்பியது. அடுத்து செட்டிகுட்டையின் நூற்றிருபது தறிகள். அடுத்து வண்டிக்காரன்வலசில் செக்கு, மாவு மில், பள்ளிக்கூட ராட்டினம், வரிசையாக ஸ்டாண்டு போட்டு நின்ற முந்நூறு சைக்கிள்கள். ஆயிரம் அடியில் பதினோரு ஊர், இரண்டாயிரம் அடியில் இருபத்தைந்து ஊர், மூவாயிரம் அடியில் அவள் கண்ணுக்கு எட்டிய நாற்பது ஊர்களிலும் வாய்க்கால்கள் ஒவ்வொன்றாக வெயிலில் மின்னத் தொடங்கின, கீழே யாரோ வெள்ளி நூலைக் கோத்துக்கொண்டு போவதுபோல. அப்புறம் காற்று இல்லாத அந்தக் காலையில் இருநூறு காற்றாலைகளும் மெல்லத் தலையைத் திருப்பி அவள் பக்கம் பார்த்து நின்றன, தங்கள் பெரிய கைகளைச் சுற்றின. அவற்றில் ஒன்றின் உச்சியில் அன்றைக்கு வேலை இருக்கும் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள், ஆகவே மயிலாத்தாள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையசைத்தாள்.

பிடித்துக்கொள்ளக் கம்பம் எதுவும் இல்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள், எஞ்சின் சத்தத்தில் அந்தச் சிரிப்பு அவளுக்கே கேட்கவில்லை. எண்ணெயின் சூடு சரியாக இருந்தது. காத்தாடி முன்னால் ஒரு கண்ணாடி வட்டமாக, இருப்பதே தெரியாமல் இருந்தது. நாற்பத்தைந்து நிமிஷம் அவள் மேலே இருந்தாள்.

அவள் இறங்கி எஞ்சினை நிறுத்தியதும் நாற்பது ஊர்களும் மெதுவாக நின்றன. ஆறுச்சாமி ஓடிவந்து இறக்கையைத் தடவிக்கொண்டு நின்றார். தெய்வசிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். மத்தியானத்துக்குள் மனைப்பிரிவின் நுழைவு வளைவுக்கு வெளியே பைக்கிலும் மொபெட்டிலும் டிராக்டரிலும் ஆட்கள் வந்து சேரத் தொடங்கினார்கள், ஒத்தப்பனைமேட்டிலிருந்து வந்தார்கள், செட்டிகுட்டையிலிருந்து வந்தார்கள், பெயரே கேள்விப்படாத ஊர்களிலிருந்து வந்தார்கள், சிலர் இளநீர்க் குலையும் சிலர் பூமாலையும் கொண்டுவந்திருந்தார்கள். எப்படி நடந்தது என்று அவர்களும் கேட்கவில்லை. வண்டிக்காரன்வலசுப் பெரியவர் ஒருவர் மட்டும், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு முன்னால் வந்து, விமானத்தையும் மயிலாத்தாளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "மறுபடி எப்பங்க போறீங்க, தண்ணி வருமுன்னு நம்பி நாத்தங்கால்ல வெதைக்கலாமுங்களா?" என்றார்.

மயிலாத்தாள் காத்தாடியின் ஆறு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், புது மரம் வெயிலில் சுருங்கினால் அவை தளரும். ஆறாவது போல்ட்டையும் பார்த்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"வெதைங்க," என்றாள். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கெளம்பறேன்."